பீடம் கலந்த ஐந்து பேர், ஒரு டிசைன் திங்கிங் குரூப் வேர்க்: வேலையை எப்படிப் பிரிப்பது?

மூன்றாம்வருடக்காரன் எழுதியது:

வணக்கம். நான் பொறியியல் மூன்றாம் வருடம், கொழும்பில்தான். கம்பஸ் பெயரைச் சொல்லவில்லை, பேட்ச் ஆட்கள் வாசித்தால் நான்தான் என்று உடனே பிடித்துவிடுவார்கள்.

இந்த செமஸ்டரில் டிசைன் திங்கிங் என்று ஒரு பாடம், பாவிக்கிற ஆட்களைப் பார்த்து, பிரச்சினையை விளங்கி, மாதிரி செய்து பார்த்துத் தீர்வு தேடுகிற முறை. குழுவை நாங்களே போட முடியாது, பீடங்களைக் கலந்து அவர்களே பட்டியல் ஒட்டிவிட்டார்கள். எங்கள் குழுவில் ஐந்து பேர். நானும் என் பேட்ச் நண்பன் ஒருவனும் பொறியியல், முகாமைத்துவத்தில் ஒரு பையன், டிசைன் படிக்கிற ஒரு அக்கா, புள்ளிவிபரவியல் படிக்கிற ஒரு தங்கச்சி (மட்டக்களப்பு, அதிகம் கதைப்பதில்லை, கொடுத்த வேலையைச் செய்து தருவார்). முதல் நாள் 20 ஸ்பகெட்டிக் குச்சியும் கொஞ்சம் டேப்பும் நூலும் ஒரு மார்ஷ்மெலோவும் தந்து 18 நிமிடத்தில் கோபுரம் கட்டச் சொன்னார்கள். எங்களுடையது விழாமல் நின்றது. அன்றைக்கு ஐந்து பேரும் கன்டீனில் சேர்ந்து பிளேன்டீ குடித்தோம். அதோடு சரி.

நாங்கள் எடுத்த பிரச்சினை பஸ்ஸில் மிச்சக் காசு. கொழும்பில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தால் கொண்டக்டர் "மாரு நே" (சில்லறை இல்லை) என்றுவிட்டு முன்பக்கம் போய்விடுவார், நாங்கள் இறங்குகிற ஹோல்ட் வந்துவிடும், கேட்பதா விடுவதா என்று யோசிப்பதற்குள் பஸ் எடுத்துவிடும். இரண்டாவது வாரமே நானும் நண்பனும் இரவிரவாக இருந்து ஒரு ஆப் எழுதிவிட்டோம். கியூஆர் ஸ்கேன் பண்ணினால் மிச்சம் போன் வொலட்டுக்குப் போகும். முகாமைத்துவப் பையன் கூகுள் ஃபோர்ம் போட்டு இருநூறு பேரிடம் பதில் எடுத்தான், பெரும்பாலானவர்கள் ஆப் நல்லது என்றார்கள். வருமான மொடல்கூட ரெடி.

டிசைன் அக்கா மட்டும் ஸ்கிரீன்களை வரைய மாட்டேன் என்கிறார். "நீங்கள் ஒரு கொண்டக்டரோடாவது கதைத்தீர்களா?" என்று ஒரே கேள்வி. சென்ற வாரம் இடைக்கால ரிவியூவில் லெக்சரரும் "இது யாருடைய பிரச்சினை?" என்று கேட்டார், ஐந்து பேரும் கூரையைப் பார்த்தோம். இப்போது அக்கா இல்லாமல் ஒரு வட்ஸ்அப் குரூப் தனியாக ஓடுகிறது. அது சரியில்லை என்று எனக்கே தெரியும்.

இன்னும் ஐந்து வாரம்தான். அவரவர் படிக்கிறதைப் பயன்படுத்துகிற மாதிரி வேலையை எப்படிப் பிரிப்பது? கோடிங் நாங்கள், ஸ்லைட் முகாமைத்துவம், படம் அக்கா, டேட்டா தங்கச்சி என்று போனால் சண்டை வராது என்று நினைத்தேன். அப்படியும் வந்துவிட்டது.

பழைய_பேட்ச் எழுதியது:

தம்பி, சண்டை அப்படிப் பிரித்தபடியால்தான் வந்தது.

எங்கள் காலத்தில் இதே மாதிரி ஒரு பாடம், நாங்கள் எடுத்தது மதியச் சாப்பாட்டுப் பார்சலில் வீணாகிற சோறு. குழுவில் இரண்டு பொறியியல், ஒரு உணவு விஞ்ஞானம், ஒரு வணிகம். பொறியியல்காரன் நான். முதல் நாளே பயோகேஸ் டாங்கி வரைந்துவிட்டேன், எவ்வளவு கொள்ளளவு, எத்தனை கிலோ கழிவு, எல்லாம் கணக்கோடு. வணிகப் பிள்ளை அந்த கேஸை யாருக்கு விற்கலாம் என்று பார்த்தது. உணவு விஞ்ஞானத் தோழி மட்டும் மூன்று நாள் மதியம் குப்பை வாளிக்குப் பக்கத்தில் நின்றாள், நாங்கள் சிரித்தோம். அவள் பார்த்தது இதுதான்: கறி மிஞ்சவே இல்லை, மிஞ்சுவதெல்லாம் வெறும் சோறு. பெண் பிள்ளைகளும் ஒஃபிஸ் அம்மாக்களும் பார்சலைத் திறக்கும்போதே பாதிச் சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்குகிறார்கள். கடைக்காரரிடம் கேட்டால், சின்னப் பார்சல் போட்டால் கஞ்சன் என்பார்களாம், அதனால் எல்லோருக்கும் ஒரே அளவு. டாங்கி எதற்கு? கேட்டு வாங்குகிறவர்களுக்குச் சோறு குறைத்து, அந்த இடத்தில் ஒரு மரக்கறி கூட்டிக் கொடுத்தால் போதும். என் வரைபடம் இப்போதும் வீட்டில் இருக்கிறது.

உனக்கு ஒரு வேலை சொல்கிறேன், அரை மணித்தியாலம் போதும். ஐந்து பேரும் ஒரு மேசையில் இருங்கள், ஆளுக்கு ஒரு தாள். "மிச்சக் காசுப் பிரச்சினை என்பது" என்று தொடங்கி ஒரே ஒரு வசனம், பார்த்து எழுதக்கூடாது, கதைக்கவும் கூடாது. அப்புறம் வாசியுங்கள். ஐந்தும் வேறு வேறாக வரும் என்று பந்தயம். நீ "பணம் கைமாறும் முறை பழையது" என்று எழுதுவாய், அக்கா "கேட்கக் கூச்சம்" என்று எழுதியிருப்பார். இந்த ஐந்தையும் முதலில் பார்க்காமல் வேலையைப் பிரித்தால், ஐந்து பேரும் ஐந்து பிரச்சினைக்குத் தீர்வு செய்துகொண்டு இருப்பீர்கள்.

மற்றது, அந்தத் தனிக் குரூப்பை இன்றைக்கே அழித்துவிடு.

லயன்_அறுந்த_ரவுட்டர் எழுதியது:

மச்சான் இது ஒரு பாடம், வாழ்க்கை இல்லை. ஆப் இருக்கிறது, ஸ்லைட் இருக்கிறது, அக்காவுக்கு ஒரு சொரி சொல்லி நாலு ஸ்கிரீன் வாங்கு, மார்க்ஸ் எடு, போ.

அட்டைப்பெட்டி எழுதியது:

மேலே "நாலு ஸ்கிரீன் வாங்கு" என்று எழுதியவருக்கு: எந்தக் குழுவுக்குப் போனாலும் எங்களை "போஸ்டர் ஆள்" ஆக்குவது இந்த எண்ணம்தான். நான் டிசைன் படித்தவள், நான்கு வருடத்தில் எத்தனை தடவை "லோகோ ஒன்று செய்து தா" என்று கேட்டிருப்பார்கள் என்று எண்ணி முடியாது.

சரி, கோபம் போதும். உங்கள் குழுவில் ஒரு சொல் குழப்பம் இருக்கிறது என்று நினைக்கிறேன். புரோட்டோடைப் என்றால் பொறியியல்காரருக்கு ஓடவேண்டும். பிழை இருக்கலாம், ஆனால் ஓடவேண்டும். எங்களுக்கு அது ஒரு கேள்வி. நான் நினைப்பது சரியா என்று பார்க்க அட்டையிலோ தாளிலோ ஒட்டிச் செய்கிற ஒன்று, பத்து நிமிடத்தில் செய்து பத்தாவது நிமிடத்தில் கிழித்தெறிய மனம் வரவேண்டும். நீங்கள் இரவிரவாக இருந்து எழுதிய ஆப்பைக் கிழிக்க உங்களுக்கு மனம் வருமா? வராது. அதனால்தான் அதற்குப் பிறகு எடுத்த கூகுள் ஃபோர்மும் அந்த ஆப்பைக் காப்பாற்றுகிற மாதிரியே வந்திருக்கிறது. அவன் வேண்டுமென்று செய்தான் என்று சொல்லவில்லை, கையில் முடிந்த பொருள் ஒன்று இருந்தால் கேள்விகள் தானாக அதன் பக்கம் சாயும்.

வகுப்பில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து ஐந்து படிகளைப் போட்டிருப்பார்களே, மற்றவர் நிலையை உணர்வது, பிரச்சினையை வரையறுப்பது, யோசனைகள், மாதிரி, சோதனை என்று. ஸ்லைடில் அது மாடிப்படி மாதிரி தெரியும், ஏறினால் திரும்பி இறங்க வேண்டாம் என்று. உண்மையில் சோதனையில் அடிவாங்கி முதலாவதுக்குத் திரும்பிப் போவதுதான் வழக்கம். நீங்கள் நாலாவதில் ஏறி நின்றுகொண்டு முதலாவதில் நிற்கிற அக்காவைக் கூப்பிடுகிறீர்கள்.

ஆனால் அக்காவும் முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். "வரைய மாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதாது, உங்களை இழுத்துக்கொண்டுபோய் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏற்றியிருக்க வேண்டும். பாணந்துறையில் ஏறி காலி வீதி முழுக்க வந்து புறக்கோட்டையில் இறங்குங்கள். ஐந்து பேரும். ஒருவர் போய்ப் பார்த்து மற்ற நால்வருக்கு ரிப்போர்ட் கொடுக்கிற வேலை வேண்டாம். ரிப்போர்ட்டோடு நீங்கள் வாதாடுவீர்கள், கண்ணால் கண்டதோடு அவ்வளவு வாதாட மாட்டீர்கள்.

சராசரி_மனிதன் எழுதியது:

அந்த இருநூறு பேரைப் பற்றி. ஃபோர்ம் எங்கே போனது? உங்கள் பேட்ச் குரூப், நண்பர்களின் பேட்ச் குரூப், அவ்வளவுதானே. அப்படியானால் அது இருநூறு பஸ் பயணிகள் இல்லை, ஸ்மார்ட்போனும் டேட்டாவும் இருக்கிற இருநூறு கம்பஸ் பிள்ளைகள். இரண்டாயிரம் ஆக்கினாலும் அந்தச் சாய்வு போகாது. அதோடு "இப்படி ஒரு ஆப் இருந்தால் பாவிப்பீர்களா" என்று நண்பன் கேட்டால் யார் இல்லை என்பார்கள்?

மற்றப் பக்கத்துக்கும் ஒன்று. டிசைன் ஆட்கள் "ஐந்து பேரோடு கதைத்தால் போதும்" என்று சொல்வார்கள். அது ஜேக்கப் நீல்சன் என்ற வெப்சைட் பயன்பாட்டு நிபுணர் 2000ஆம் ஆண்டு எழுதியதில் இருந்து பரவியது, ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் ஒரு வெப்சைட்டின் அல்லது ஆப்பின் இடைமுகத்தில் உள்ள சிக்கல்களில் 85 சதவீதம் அளவில் வெளியே வந்துவிடும் என்று. பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடுமாறுவதைக் கண்டுபிடிக்க அது சரி. கொழும்பில் எத்தனை பேர் மிச்சத்தை விட்டுவிட்டு இறங்குகிறார்கள் என்பதற்கு ஐந்து பேர் காணாது. முதலில் கதைத்து எதை எண்ணவேண்டும் என்று கண்டுபிடியுங்கள், பிறகு எண்ணுங்கள். உங்கள் குழுவிலேயே புள்ளிவிபரவியல் பிள்ளை ஒருவர் இருக்கிறார். ஃபோர்மைப் போட்டது ஏன் அவர் இல்லை?

சோக்_தூள் எழுதியது:

நான் மறு பக்கத்தில் இருப்பவள். இப்படி ஒரு பாடத்தை வருகை விரிவுரையாளராகச் சில வருடம் எடுத்திருக்கிறேன், ஆகவே திட்டுவதானால் என்னையும் சேர்த்துத் திட்டலாம்.

ஏன் கலக்கிறோம் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. 1973இல் ஹோர்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெபர் என்ற இரண்டு பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவர் வடிவமைப்புப் பேராசிரியர், மற்றவர் நகரத் திட்டமிடல், இருவரும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில். சில பிரச்சினைகள் கணக்குப் பாடத்து வினா மாதிரி இல்லை, அவற்றை எந்த விதமாகச் சொல்கிறோமோ அந்த விதமே தீர்வின் பாதியைத் தீர்மானித்துவிடும் என்பது அதில் ஒரு முக்கிய விஷயம். பஸ் மிச்சம் சின்ன விஷயம்தான், ஆனாலும் அந்த வகை. "கொடுக்கல் வாங்கல் முறை" என்று சொன்னால் ஆப் வரும், "சில்லறைத் தட்டுப்பாடு" என்று சொன்னால் வங்கிக்குப் போவீர்கள், "கேட்கப் பயம்" என்று சொன்னால் வேறு எங்கோ போவீர்கள். ஒரே பீடத்து ஐந்து பேர் ஒரே விதமாகச் சொல்லிவிடுவார்கள், அதற்காகத்தான் கலப்பது. பழைய_பேட்ச் சொன்ன தாள் பயிற்சி அதனால்தான் வேலை செய்கிறது. தனித்தனியாக முதலில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நாலு பேர் கூடி யோசித்ததையும், நாலு பேர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்ததையும் ஒப்பிட்டார்கள். தனியே யோசித்தவர்களுக்குத்தான் கூட வந்தது. கூட்டத்தில் ஒருவர் கதைக்கும்போது மற்றவர் காத்திருக்கிறார், காத்திருக்கும்போதே தன் யோசனையை மறக்கிறார், அல்லது இது சரிவராது என்று தானே விழுங்கிவிடுகிறார்.

எங்கள் பக்கத் தவறும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் டீ-ஸ்கூல் என்று பெயரெடுத்த அந்த இடம் தொடங்கிப் பல வருடம் பட்டம் கொடுக்கவில்லை. வெவ்வேறு துறைப் பிள்ளைகள் தங்கள் பட்டத்தைத் தங்கள் துறையில் எடுத்துக்கொண்டு அங்கே வகுப்புக்கு மட்டும் வந்தார்கள். வர விரும்பியவர்கள் வந்தார்கள். நாங்கள் அந்த ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு, கட்டாயப் பாடமாக்கி, ஐந்து பீடத்து நேரசூசியில் பொதுவான ஒரு மணித்தியாலம்கூட இல்லாத பிள்ளைகளை ஒரு பட்டியலில் போட்டுவிட்டு, "கூட்டு முயற்சி" என்று மார்க்ஸ் போடுகிறோம். ஒரு பீடத்துக்கு லேப், ஒன்றுக்கு மாலை வகுப்பு, ஒன்றுக்குப் பரீட்சை. அப்புறம் இறுதி பிரசன்டேஷனுக்கு 60 மார்க்ஸ் வைத்தால் பிள்ளைகள் ஸ்லைடைத்தானே முதலில் செய்வார்கள்? நான் இரண்டாவது வருடம் அதை மாற்றினேன். களத்துக்குப் போன குறிப்புக்கும், கைவிட்ட யோசனைகளுக்கும் மார்க்ஸ் வைத்தேன். கைவிட்டதைக் காட்டினால் மார்க்ஸ் என்றதும் கிழிப்பதற்குப் பயம் குறைந்தது.

வேலை செய்யாத ஆளைப் பற்றி எல்லோரும் முறைப்பாடு சொல்வார்கள். ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து 1913இல் எழுதினார்: ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கிற பலம் குறைந்துகொண்டு போகிறது. அதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை, எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததும்தான். உங்கள் குழுவில் யாரும் சோம்பேறி இல்லை. கயிற்றை ஐந்தாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டீர்கள்.

கோட்டை_புகையிரதம் எழுதியது:

யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். உங்கள் மீட்டிங் எந்த மொழியில்?

மட்டக்களப்புத் தங்கச்சி அதிகம் கதைப்பதில்லை என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் வவுனியாவில் இருந்து வந்து கொழும்பில் படித்தவள். குழுவில் பகிடி, சண்டை, யோசனை எல்லாம் சிங்களத்தில் ஓடும், பிரசன்டேஷன் ஆங்கிலத்தில். நான் மனதுக்குள் வசனம் கட்டி முடிக்கும்போது தலைப்பு மாறியிருக்கும். இரண்டு தடவை அப்படி நடந்தால் மூன்றாம் தடவை வாயைத் திறக்க மாட்டோம், "அமைதியான பிள்ளை" என்று பெயரும் வந்துவிடும். தமிழ் தெரிந்த நீங்கள் பக்கத்திலேயே இருந்திருக்கிறீர்கள், என்ன நினைக்கிறாய் என்று கேட்டீர்களா?

இன்னொன்று, அவரைக் "தமிழ்ப் பயணிகளோடு கதைக்கிற ஆள்" ஆக்கிவிடவும் வேண்டாம். என்னை அப்படித்தான் ஆக்கினார்கள். மொழிபெயர்த்து முடித்ததும் மறுபடி அமைதியான பிள்ளை.

மூன்றாம்வருடக்காரன் எழுதியது:

பதிலுக்கு ஒன்றரை வாரம் பிந்திவிட்டது, மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி, மேலே உள்ள கோட்டை_புகையிரதம் அக்காவுக்குக் கொஞ்சம் கூட.

அவர் கேட்டதை வாசித்த இரவு தங்கச்சிக்கு மெசேஜ் போட்டேன். ஃபோர்ம் பற்றி என்ன நினைத்தாய் என்று. அவர் அனுப்பிய பதிலை அப்படியே போடுகிறேன்: "அண்ணா, இது கம்பஸ் ஆட்களின் பதில் மட்டும்தான், இதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது என்று இரண்டாம் கிழமையே உங்களிடம் சொன்னேனே." சொல்லியிருக்கிறார். கன்டீன் வாசலில், தமிழில், எனக்கு. நான் ஓம் ஓம் என்றுவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லவே இல்லை. டிசைன் அக்கா அப்போது கேட்டுக்கொண்டு இருந்ததும் கிட்டத்தட்ட அதேதான். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல். நடுவில் நான்.

தனிக் குரூப் போய்விட்டது. தாள் பயிற்சி செய்தோம், எந்த மொழியிலும் எழுதலாம் என்று வைத்து. ஐந்துமே வேறுதான், பழைய_பேட்ச் அண்ணா பந்தயத்தில் வென்றுவிட்டீர்கள். சனிக்கிழமை பாணந்துறையில் ஏறினோம். ஐந்து பேர் சேர்ந்து நின்றால் கொண்டக்டர் முறைப்பார் என்று இரண்டு பஸ்ஸாகப் பிரிந்து ஏறினோம். எனக்கு விழுந்த அடி என்னவென்றால், கொண்டக்டரிடம் உண்மையிலேயே சில்லறை இல்லை. காலையில் ஒரு பை நாணயத்தோடு தொடங்குகிறார், எல்லோரும் தாளை நீட்டுகிறார்கள், தெஹிவளை வரும்போது பை காலி. யார் எந்த ஹோல்டில் நூறு தந்தது என்பதை முழுக்க மனதில் வைத்திருக்கிறார். பெரும்பாலும் பிழை விடவும் இல்லை, இறங்கும்போது கேட்டால் கொடுத்துவிடுகிறார். சிக்கல் கேட்பதில்தான். வெள்ளவத்தையில் இறங்கிய ஒரு அம்மா கேட்க வாயெடுத்து, பின்னால் நெரிசல் என்றதும் அப்படியே இறங்கிவிட்டார். முகாமைத்துவப் பையன்தான் அதைக் கண்டு எங்களுக்குக் காட்டினான், "இந்த அம்மாவுக்கு ஆப் எதற்கு" என்று அவனே சொன்னான்.

தங்கச்சி ஒரு எண்ணும் தாள் செய்திருக்கிறார்: மிச்சம் வரவேண்டியவர் எத்தனை பேர், கேட்டவர், கேட்காமல் கிடைத்தவர், விட்டுவிட்டு இறங்கியவர். ஐந்து பேரும் தினம் வரும்போது போகும்போது நிரப்புகிறோம், நான் உட்பட. அக்கா கலர் அட்டை வெட்டினார். மிச்சம் இருந்தால் கொண்டக்டர் ஒரு அட்டையைக் கையில் தருவார், இறங்கும்போது பயணி வாயே திறக்காமல் அட்டையை நீட்டினால் போதும். எழுதுகிற வேலை இல்லை, மொழி இல்லை. என் ஆப்பில் இருந்து ஒரு வரிகூட இதில் இல்லை, கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

நேற்று ஒரு கொண்டக்டர் அண்ணையிடம் அட்டையைக் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார், சிரித்தார், பிறகு சொன்னார்: "இதைக் கொடுத்தால் எல்லோரும் நீட்டுவார்களே, அப்போது சில்லறைக்கு நான் எங்கே போவது?" ஐந்து பேரிடமும் பதில் இல்லை. அங்கேயே ஹோல்டில் நின்று வாதாடத் தொடங்கிவிட்டோம், இந்தத் தடவை தங்கச்சியும் நன்றாகச் சத்தம் போட்டார்.

யாருக்காவது 100 அல்லது 101ஆம் இலக்க பஸ்ஸில் வேலை செய்கிற உறவினர் இருந்தால் தனி மெசேஜ் போடுங்கள். காலையில் அந்த ஒரு பை நாணயத்தை அவர்கள் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.